பேப்பர்க் கடைக்கு முன்னால்

பல்லாண்டுகள் புத்தகம் சேர்த்த ஒருவர் காலமானால், அவர் வீட்டுக்கு முதலில் போகவேண்டியவர் அந்த ஊர் நூலகர். பெரும்பாலும் முதலில் போய்ச் சேர்பவர் பழைய பேப்பர்க் கடைக்காரர். கருமாதி முடிந்து, வெளியூர்ப் பிள்ளைகள் கிளம்புவதற்குள் வீட்டை ஒதுங்கவைக்கும் அந்தச் சில நாட்களில்தான் ஒரு சேகரத்தின் தலையெழுத்து முடிவாகிறது. பாத்திரங்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். நிலைக்கதவுக்கும் தூணுக்கும் விலை பேச ஆள் வரும். புத்தகத்துக்கு மட்டும் தராசு வரும். காரைக்குடி வட்டாரத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் நூலகராக இருந்த காலம் முழுவதும், அந்தத் தராசுக்கு முன்னால் போய்ச் சேர்வதை என் வேலையில் பாதியாக வைத்துக்கொண்டேன்.

பணம் கொடுத்து வாங்கும் புத்தகங்கள் எப்படி வருகின்றன என்பது கல்லூரியில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் துறைத் தலைவர்கள் பட்டியல் தருவார்கள். பாடத்திட்டம் மாறிய ஆண்டில் பட்டியல் நீளும். கடைகளில் கொட்டேஷன் வாங்கி, கழிவு கூடுதலாகத் தருபவரிடம் ஆர்டர் போடுவோம். மாணவர்கள் தேர்வு எழுதவேண்டும். அந்தப் புத்தகங்கள் வேண்டியவைதான். ஆனால் ஏறக்குறைய அதே பட்டியலை வைத்துத்தான் பக்கத்து ஊர்க் கல்லூரியும் வாங்குகிறது. வணிகவியல் அடுக்கையும் கணினி அடுக்கையும் பார்த்து இது எந்த ஊர்க் கல்லூரி என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நூலகம் இந்த மண்ணுடையது என்று சொல்வது அன்பளிப்பாக வந்த அடுக்குகள்தான். கடையில் கிடைக்காதது, மறுபதிப்பு காணாதது, விற்பனைக்கென்றே அச்சிடப்படாதது எல்லாம் அந்த ஒரு வழியாகத்தான் உள்ளே வரும்.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு தனிப் பேறு உண்டு. வட்டித்தொழிலுக்குப் பர்மாவும் மலேயாவும் போனவர்கள் பணத்தோடு அச்சடித்த தாளையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மேலைச்சிவபுரியில் 1909இலேயே சன்மார்க்க சபை தொடங்கித் தமிழ் வளர்த்தார்கள். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919இல் பாரதி வந்து போனார். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். சக்தி காரியாலயம் நடத்திய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர்; வானதி திருநாவுக்கரசு தேவகோட்டைக்காரர். பதிப்பிப்பதும் படிப்பதும் இந்த ஊர்களின் வீட்டுப் பழக்கமாக இருந்தன. ஆகவே இங்கே பரணில் கிடக்கும் ஒரு தகரப் பெட்டியைத் திறக்காமலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதை எங்களுக்கு அடுத்த தெருக் கதை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், 1950 வாக்கில் சேர்க்கத் தொடங்கி, நூல்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் தூக்கிப்போட்டதையெல்லாம் வீடு கொள்ளாமல் அடுக்கினார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்தது. அது விலைக்குப் போன சேகரம், அன்பளிப்பு அல்ல. ஆனால் எங்கள் வட்டாரத்து வீடுகளில் அந்தச் செய்தி ஒரு வேலை செய்தது. ‘கோட்டையூர்க்காரர் வச்சிருந்த மாதிரிப் பழசு எங்க வீட்டுலயும் கெடக்கு’ என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் நூலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். பழைய தாளுக்கு மதிப்பு உண்டு என்பது ஊருக்குள் பேச்சாக வேண்டும். அது ஆனபிறகு நூலகர் வேலை பாதி குறைந்துவிடும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்ட வீடு. அதில் ஓர் ஆச்சி மட்டும் இருந்தார். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். வீட்டை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் கல்லூரியில் படித்த அவருடைய பேத்தி சொல்லித்தான் போனேன்.

“அப்பச்சி ரங்கூன்ல இருந்து வந்தப்ப நகைப் பெட்டிய விட்டுட்டு வந்தாக, புத்தகப் பெட்டிய விடலே. ஆத்தா சாகுற மட்டும் அதச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாக” என்றார் ஆச்சி.

“பெட்டி இப்ப எங்க இருக்கு ஆச்சி?”

“மேல மச்சுல. நீங்க ஏறிப் பாருங்க. எனக்கு முட்டி ஒத்துக்கல.”

ரங்கூன் பெட்டியில் தேவாரம், திருவாசகம், தாயுமானவர் பாடல், மருத்துவச் சுவடி அச்சுகள் இருந்தன. சிலவற்றில் ரங்கூன் புத்தகக் கடைகளின் ரப்பர் முத்திரை. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் தூக்கிவந்த தாள்கள் அவை. எடுத்துவைத்தேன். ஆனால் அந்த மச்சில் என்னை அதிகநேரம் நிறுத்தியது அந்தப் பெட்டி இல்லை. அதன் பக்கத்தில் பழைய சேலையில் கட்டி வைத்திருந்த தொடர்கதைக் கட்டுகள்.

கல்கி, ஆனந்த விகடன், கலைமகள் இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை இதழ் தவறாமல் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் உள்ளூர் பைண்டரிடம் கொடுத்துக் கட்டுவது அக்காலத்துப் பெண்கள் எடுத்துக்கொண்ட பொறுப்பு. 1950இல் தொடங்கி 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ கட்டுகளாக அங்கே இருந்தது. மணியம் வரைந்த படங்கள் அந்தந்த அத்தியாயத்தோடு, இதழில் வந்த அளவிலேயே இருந்தன. பின்னாளில் வந்த எத்தனையோ மலிவுப் பதிப்புகளில் அந்தப் படங்கள் கிடையாது. கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் சோப்பு விளம்பரம், தைல விளம்பரம், ரேடியோ விளம்பரம், பாதி வெட்டுப்பட்ட சினிமாச் செய்தி. நாவலைப் படிக்க இந்தக் கட்டு தேவையில்லை. புதுப் பதிப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்த நாவல் ஒரு வீட்டுக்குள் வாரவாரம் எப்படி வந்து இறங்கியது என்று தெரிந்துகொள்ள இதைவிட்டால் வேறு வழியில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு கட்டின் முன்தாளிலும் பென்சிலில் ஒரு பட்டியல்: மேலவீட்டு மீனா, ஊருணிக்கரை அலமு, பெரிய வீட்டு ஆச்சி என்பதுபோல வரிசையாகப் பெயர்கள். திரும்பி வந்ததும் பெயர்மேல் ஒரு கோடு. ஆச்சியின் தாயார் தெருப் பெண்களுக்கு இரவல் கொடுத்து, கணக்கு வைத்திருக்கிறார். பெண்கள் பொது நூலகத்துக்குப் போய் உட்கார முடியாத ஊரில், சேலை மூட்டைக்குள் ஒரு நூலகம் இயங்கியிருக்கிறது. அதன் இரவல் பதிவேடும் அந்த முன்தாள்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மச்சில் நின்றபோது, என் தொழிலில் எனக்கு முன்னால் இருந்த ஒருவரைச் சந்தித்ததாகவே உணர்ந்தேன்.

ஆச்சிக்கு அந்தக் கட்டுகளைக் கொடுப்பதில்தான் தயக்கம். “அந்தப் பெட்டிய எடுத்துக்கிடுங்க, அது பெரியவுக புத்தகம். இந்தக் கிழிசல எதுக்கு? காலேசுல பாத்தாச் சிரிப்பாகளே” என்றார். சிரிக்கமாட்டார்கள் என்று சொல்லி, அந்தப் பெயர்ப் பட்டியலை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் அவருக்கு ஒரு முகம் நினைவிருந்தது. யார் வேகமாகப் படிப்பார், யார் பக்கத்தை மடிப்பார், யாருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்று சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்து கட்டுகளோடு வைத்தோம். ஓர் அன்பளிப்பைக் கொண்டுவரும்போது பொருளோடு சேர்த்து வாய்மொழியையும் வாங்கிவர வேண்டும். கொடுப்பவர் இருக்கும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் கிடைப்பது, பின்னால் எந்த ஆராய்ச்சியாலும் கிடைக்காது.

வண்டியில் ஏற்றிய மூட்டை நேராகப் புத்தக அடுக்குக்குப் போகக்கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கரையான், வெள்ளிப்பூச்சி, தாளைத் துளைக்கும் வண்டு என்று எது உள்ளே இருக்கிறது என்று தெரியாது. ஒரே ஒரு கட்டிலிருந்து பூச்சி கிளம்பி முழு அடுக்கையும் அரித்துவிடும். பின்தாழ்வாரத்தில் தனி மேசை போட்டு, ஒவ்வொரு புத்தகமாக விரித்து, பெயிண்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தூசு தட்டுவோம். வெயிலில் போடுவதில்லை, தாள் பழுத்து இன்னும் முறியும். நிழலில் காற்றாட வைப்போம். துளையும் மாவுப்பொடியும் தெரிந்தால் அது விலங்கியல் துறைக்குப் போகும். அங்கே ஆழ்குளிர் பெட்டி ஒன்று இருந்தது. புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை முதல் பூச்சி வரை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. பை அறைச்சூட்டுக்கு வந்தபிறகே பிரிக்கவேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் தாள்மேல் வேர்த்து, பூச்சி செய்யாத கேட்டைப் பூசணம் செய்யும். வேப்பிலை, வசம்பு, கற்பூரம் எல்லாம் பெரியவர்கள் சொன்ன முறைகள். பூச்சி வராமல் விரட்ட அவை உதவும். உள்ளே குடியேறிவிட்டதைக் கொல்ல அவற்றை நம்ப முடியாது.

பூச்சியைவிடப் பெரிய பகை தாளுக்குள்ளேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து மரக்கூழில் மலிவுத் தாள் செய்யத் தொடங்கினார்கள். அதிலுள்ள அமிலம் தாளை உள்ளிருந்தே தின்கிறது. பக்க மூலையை இரண்டு முறை முன்னும் பின்னும் மடித்தால் ஒடிந்துவிடும் புத்தகத்தை மாணவர் கையில் கொடுக்க முடியாது. அப்படிப்பட்டதைத் தைக்கவோ ஒட்டவோ முயலாமல், அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் தட்டையாக வைத்துவிட்டு, முதல் வேலையாகப் படியெடுக்கவேண்டும். செல்லோடேப் ஒட்டிய பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். ஒட்டியவர் அன்போடுதான் ஒட்டியிருப்பார். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்து, பசை மட்டும் எழுத்தின் மேல் பழுப்பாக நிற்கும்.

எங்களுக்கு பைண்டிங் செய்தவர் கைத்தேர்ச்சி உள்ளவர். செக்‌ஷன் தையல், காலிகோ முதுகு, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை என்று எல்லாம் முறைப்படி செய்வார். அவரோடு எனக்கு இருந்த ஒரே வழக்கு ஓரம் வெட்டுவது பற்றி.

“மூணு பக்கமும் ஒரு இழுப்பு வெட்டலேன்னா புஸ்தகம் பாக்க லட்சணமா இருக்காதுக்கா” என்பார்.

“ஓரத்துல ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு அண்ணே. அது போயிரக்கூடாது” என்பேன்.

அவரை ஒருநாள் நூலகத்துக்கு அழைத்து, தமிழாசிரியர் ஒருவருடைய புத்தகங்களைக் காட்டினேன். அதன்பிறகு அன்பளிப்புப் புத்தகம் என்றால் அவரே கேட்டுவிடுவார்: “இது வெட்டுறதா, வெட்டக்கூடாததா?”

அந்தத் தமிழாசிரியர் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சம்பளத்தில் பெரும்பங்கை மர்ரே ராஜம் வெளியிட்ட சந்திபிரித்த பதிப்புகளுக்கும், உ.வே.சா. பதிப்புகளுக்கும், சைவ சித்தாந்தக் கழக வெளியீடுகளுக்கும் செலவழித்தவர். அவரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை எங்கள் நூலகத்தில் முன்பே இருந்தவைதான். பட்டியலை மட்டும் பார்த்திருந்தால், இரட்டைப்படி என்று சொல்லி வாங்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அவருடைய புறநானூற்றில் ஓரம் முழுக்க ஊதா மையில் பாடவேறுபாடு. எந்தச் சொல்லை எந்த உரைகாரர் எப்படிக் கொள்கிறார், எங்கள் பக்கத்துக் குடியானவர் பேச்சில் அந்தச் சொல் இன்னும் எப்படி வழங்குகிறது, எந்த மாணவன் வகுப்பில் என்ன ஐயம் கேட்டான் என்றெல்லாம் எழுதியிருந்தார். பயிர், நீர்ப்பாசனம், மண் பற்றிய சொற்களுக்கு அவர் எழுதிவைத்த வட்டார வழக்குகளை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. அச்சிட்ட பக்கம் எங்களிடம் இருந்த படியிலும் ஒன்றுதான். ஓரம் அவருடையது மட்டும்.

இதனால்தான் அன்பளிப்பு நூல்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எளிதானதல்ல. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகவியல் படித்த எவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் கிடைக்கவேண்டும் என்பது அவற்றுள் மூன்றாவது. தந்தவர் பெயரில் தனி பீரோ வைத்துப் பூட்டினால் அந்த விதி தோற்றுப்போகிறது. இயற்பியல் மாணவர் இயற்பியல் அடுக்கில்தான் தேடுவார். இன்னாருடைய நினைவு பீரோவில் தேடமாட்டார். ஆகவே பொதுவான நூல்களை டியூவி எண்படி உரிய அடுக்கில் கலந்தே வைத்தேன். முன்னட்டையின் உள்பக்கத்தில் தந்தவர் பெயர் அச்சிட்ட சீட்டை மட்டும் ஒட்டுவோம். ஆனால் அந்தத் தமிழாசிரியருடையது போன்ற சேகரத்தைப் பிரித்தால், அது சேகரமாக இருப்பதையே இழந்துவிடும். எந்த நூலைப் படித்துவிட்டு எந்த நூலின் ஓரத்தில் எழுதினார் என்ற தொடர்பு அறுந்துபோகும். அதை ஒன்றாகவே வைத்தோம், பூட்டாமல். இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் புத்தகங்களை விரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

எங்கே வைத்தாலும், வந்த வழியை எழுதிவைக்கவேண்டும். பழைய அக்சஷன் ரிஜிஸ்டர்களில் ‘வந்த விதம்’ என்ற கட்டத்தில் ‘அன்பளிப்பு’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். யார் தந்தார்கள், அவருக்கு யாரிடமிருந்து வந்தது, எந்த வீடு, எந்த ஆண்டு என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் புதைந்துவிடும். கோஹா மென்பொருளுக்கு மாறியபோது 541 என்ற புலத்தில் தந்தவரையும் 561இல் உடைமை வரலாற்றையும் ஏற்றினோம். வேலை கூடத்தான் செய்தது. ஆனால் ரங்கூன் முத்திரை உள்ள நூல்கள் எல்லாவற்றையும் ஒரே தேடலில் கொண்டுவந்து ஓர் ஆய்வு மாணவி முன்னால் வைக்க முடிந்ததற்கு அந்த இரண்டு எண்கள்தான் காரணம். முத்திரை குத்துவதிலும் கவனம் வேண்டும். தலைப்புப் பக்கத்திலும், நூலகத்துக்குள் மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்திலும் குத்துவது வழக்கம். அது முந்தைய உடைமையாளரின் கையெழுத்து மேலோ படத்தின் மேலோ விழக்கூடாது என்று உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

தணிக்கையில் வரும் கேள்வி விலை பற்றியது. பன்னிரண்டு அணா என்று அச்சிட்ட நூலை அந்த விலைக்கே பதிந்தால் அது 75 காசு. தொலைத்தவரிடம் விதிப்படி அதைத்தான் வசூலிக்க முடியும். ஆகவே மீண்டும் கிடைக்காத நூல்களை இரவல் தராத பகுதியில் வைத்து, மதிப்பீட்டு விலையை ஒரு சிறு குழு கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தோம். தணிக்கையாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

வேண்டாம் என்று சொல்வதும் இந்த வேலையில் அடக்கம். பழைய வருமானவரிக் கையேடு, காலாவதியான சட்ட வழிகாட்டி, போட்டித்தேர்வு வினாத்தொகுப்பு, இருபது ஆண்டுக்கு முந்தைய மென்பொருள் பாடநூல் இவை மூட்டை மூட்டையாக வரும். பழைய மருத்துவக் கையேட்டை அடுக்கில் வைப்பது ஆபத்தும்கூட. யாராவது அதை நம்பி மருந்தளவு பார்த்துவிடலாம். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வருகிற ஆண்டில் எண்ணிக்கையைக் கூட்டவென்றே கிடைத்ததையெல்லாம் வாங்கிப் பதிவேட்டில் ஏற்றும் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை ஏறும், அடுக்கில் நல்ல புத்தகம் இருக்கும் இடமும் தெரியாமல் போகும். ஒரு நூலைப் பதிந்து, எண் கொடுத்து, சீட்டு ஒட்டி, தூசு தட்டிக் காப்பதற்கு ஆகும் உழைப்பு, அது இலவசமாக வந்தாலும் விலைக்கு வந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் மறுப்பதற்கும் முறை உண்டு. அப்பாவின் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வருபவர், அப்பாவையே கொண்டுவருவதாக நினைத்துத்தான் படியேறுகிறார். அவர் கண்முன்னால் மூட்டையைப் பிரித்து இது ஆகும், இது ஆகாது என்று எறியக்கூடாது. நான் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் தயார் செய்து வைத்திருந்தேன். நூலகத்துக்குப் பொருந்தியவற்றை வைத்துக்கொள்வோம்; மற்றவற்றைக் கிராமப்புறப் பள்ளிகளுக்கோ கிளை நூலகங்களுக்கோ மாணவர்களுக்கோ தருவோம்; எதை எங்கே தந்தோம் என்று பட்டியல் அனுப்புவோம் என்று அதில் இருக்கும். தருபவர் அதைப் படித்துக் கையெழுத்திட்டபிறகுதான் மூட்டையைப் பிரிப்போம். பட்டியலைச் சொன்னபடி அனுப்பினோம். ‘அப்பா புத்தகம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று தெரிகிறது’ என்று நன்றி எழுதியவர்கள், நாங்கள் வைத்துக்கொண்ட நூல்களுக்காக எழுதியவர்களைவிட அதிகம்.

பழையது என்றாலே ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு ஒரு பேராசிரியரின் அன்பளிப்பைச் சொல்லவேண்டும். 1960களிலும் 70களிலும் கல்லூரிப் படிப்பைத் தமிழில் தருவதற்காக அரசு நிறுவனமே இயற்பியல், வேதியியல், விலங்கியல், பொருளியல், வரலாறு என்று வரிசையாகத் தமிழ் நூல்களை வெளியிட்டது. பல கல்லூரிகளில் அவை பாடத்திட்டம் மாறியதும் கழிக்கப்பட்டன. எங்கள் விலங்கியல் துறையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஒன்றுவிடாமல் பாதுகாத்து, அலமாரியோடு தந்தார். பாடநூல்தானே, காலாவதியானது என்று துறையில் சிலர் சொன்னார்கள். நான் அவற்றைப் பார்வை நூல் பகுதியில் வைத்தேன். ஊரகப் பள்ளிகளில் தமிழ்வழி படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூல் முன்னால் திகைத்து நிற்கும் முதலாண்டு மாணவர்கள்தான் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். மேசையில் ஆங்கில நூலை ஒரு பக்கமும் இதை மறுபக்கமும் விரித்துவைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்தார்கள். செய்தி பழையதாக இருந்தாலும், செல் பிரிவதைத் தமிழில் எப்படி விளக்குவது என்பது பழையதாகவில்லை. அந்த மேசையைப் பார்த்த பேராசிரியருக்குப் பேச்சு வரவில்லை.

அதேபோலத் தொழிற்சங்க ஆசிரியர்கள் வீடுகளிலிருந்து மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ் நூல்கள் வந்தன. ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் மொழிபெயர்த்தவை, வழுவழுப்பான தாள், உறுதியான தையல். 1991க்குப் பிறகு அந்த ஊற்று நின்றுபோனது. இன்றைக்கும் தாள் முறியாமல் இருக்கும் அந்தக் காலத்துத் தமிழ் நூல்களைக் கேட்டால் நான் அவற்றைத்தான் முதலில் காட்டுவேன்.

நூல் என்று சொல்ல முடியாதவற்றுக்கு நான் தனி இடம் வைத்தேன். குடமுழுக்கு மலர், மணிவிழா மலர், பள்ளிப் பொன்விழா மலர், கம்பன் திருநாள் மலர், திருமணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த சிறு தோத்திர நூல், ஊர் நகரச் சங்கத்தின் வரவுசெலவு அறிக்கை. இவற்றுக்கு விலை போட்டிருக்காது, கடைக்கே வராது, தேசிய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் சட்டப்படி படி அனுப்ப வேண்டும் என்று 1954 முதல் விதி இருந்தாலும், மலர் அச்சிடும் கோயில் கமிட்டிக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் ஒரு குடமுழுக்கு மலரில் கோயில் வரலாறு, திருப்பணிக்குத் தந்தவர் பட்டியல், ஊருணி வெட்டிய கதை, அன்றைய கடைகளின் விளம்பரம், பழைய நிழற்படம் எல்லாம் இருக்கும். எங்கள் வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர் ஊருணிகளைப் பற்றி ஆய்வேடு எழுதியபோது, கல்வெட்டுகளுக்கு அடுத்தபடி அவருக்குக் கைகொடுத்தவை இந்த மலர்கள். எந்த ஊருணியை யார் எப்போது தூர்வாரினார்கள் என்பது வேறு எங்கும் இல்லை. கல்லூரி மாணவர்களிடம், ‘உங்கள் ஊரில் எந்த விழா நடந்தாலும் மலரில் இரண்டு படி கொண்டுவாருங்கள்’ என்று ஆண்டுதோறும் சொல்லி வைத்தேன். கொண்டுவந்தார்கள். வீட்டில் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்ததைக்கூட எடுத்துவந்தார்கள்.

கடிதமும் நாட்குறிப்பும் வரும்போது நிதானம் வேண்டும். தாளைத் தந்துவிட்டதால் அதை வெளியிடும் உரிமையும் நமக்கு வந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. எழுதியவர் மறைந்தபிறகு பதிப்புரிமை வாரிசுகளுடையது. சட்டம் ஒருபக்கம் இருக்க, அதில் பெயர் வரும் மனிதர்கள் உயிரோடு இருக்கலாம். குடும்பச் சண்டையும் கடன் கணக்கும் நிறைந்த ஒரு கடிதக் கட்டை, குறிப்பிட்ட ஆண்டு வரை திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்து வாங்கினேன். ஆர்வத்தில் கேட்ட ஆய்வாளர்களுக்குக் காட்டவில்லை. அந்தச் சொல்லைக் காப்பாற்றியதைப் பார்த்துத்தான் அதே தெருவில் இன்னொரு வீடு தங்கள் பெட்டியைத் திறந்தது.

தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகள் அரிய நூல்களை மின்படியாக்கி இணையத்தில் வைக்கத் தொடங்கியபின், ‘இனி எதற்கு இந்தப் பழந்தாள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. மின்படி வேண்டும், அவசரமாக வேண்டும். முறியும் தாளுக்கு அதுவே கதி. ஆனால் ஸ்கேன் செய்ய எடுப்பவர்கள் பெரும்பாலும் கறையில்லாத, எழுத்தில்லாத நல்ல படியைத்தான் தேடுவார்கள். ஓரக்குறிப்பு உள்ள படியும், பெயர்ப் பட்டியல் உள்ள முன்தாளும் அந்தத் தேர்வில் தோற்கும். ஆகவே மின்படி எடுக்க எங்கள் நூல்களைத் தந்தபோது, குறிப்புள்ள படிகளை முன்தாள் முதல் பின்னட்டை வரை ஒரு பக்கம் விடாமல் எடுக்கவேண்டும் என்று கேட்டு வாங்கினோம். அப்படி எடுத்ததில்தான் தமிழாசிரியரின் ஊதா மையும் இப்போது தெரிகிறது.

ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் நூலகத்துக்குப் போய், அன்பளிப்பு இதழ்களில் விடுபட்டவற்றின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ எங்களுக்கு இரண்டு வீடுகளிலிருந்து வந்து சேர்ந்து, பெரும்பாலும் நிறைந்துவிட்டது. 1960ஆம் ஆண்டில் சில இதழ்கள் மட்டும் இல்லை. காரைக்குடியிலிருந்து வந்த ‘குமரன்’, ‘ஊழியன்’ இரண்டிலும் இடைவெளி இன்னும் அதிகம். ரங்கூனில் அச்சான தமிழ் இதழ்களில் எங்களிடம் இருப்பவை உதிரிகள். செட்டிநாட்டு வீடுகளிலோ, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களிலோ இவற்றில் ஒன்றேனும் வைத்திருப்பவர்கள், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் சொல்லுங்கள். எங்களுக்கே தரவேண்டும் என்பதில்லை. எங்களிடம் தந்தால் படியெடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம். அட்டை கிழிந்திருந்தாலும், ஓரத்தில் யாராவது எழுதியிருந்தாலும் அப்படியே கொண்டுவாருங்கள், துடைக்கவேண்டாம்.